மழை இல்லை, பதினான்கு மில்லிமீட்டர்

முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் விண்ணப்பித்தபோது ஒரு கடிதம் மட்டும் குறைந்தது. கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. நான் அதைக் கவனித்தது திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது.

அப்போது தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் இரண்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதுவதும், பழைய மழைப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றுவதும் என் வேலை. ஏற்ற ஏற்ற, மலைத்தோட்டங்கள் மழையை எப்படிப் பதிந்து வைத்தன என்பதையே ஆராயலாம் என்று தோன்றியது. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அதற்கு இடம் இருந்தது. நோக்கத்தை ஐந்நூறு சொற்களில் எழுதச் சொல்லியிருந்தார்கள். என் முதல் வரைவில் முன்னுரையே தொள்ளாயிரம் சொற்கள். தேதிகளை எடுத்த பிறகு மொத்தமும் நானூற்றுப் பத்துக்கு வந்தது.

இரண்டு பேர் பரிந்துரைக்க வேண்டும். சேலத்தில் எனக்கு எம்.ஏ. பாடம் எடுத்த பேராசிரியர் என்னையே எழுதி அனுப்பச் சொன்னார். நான் எனக்குக் கொடுத்துக்கொண்ட அடைமொழிகளில் இரண்டை அடித்துவிட்டு அனுப்பிவைத்தார். இன்னொரு கடிதம் வேலை பார்க்கும் இடத்திலிருந்து வர வேண்டும். சென்னையில் இருக்கும் முதலாளி, ரைட்டரைக் கேள் என்று போனை வைத்துவிட்டார்.

எஸ்டேட் ரைட்டர் என்பவர் ஆட்களின் பெயரைப் பதிந்து, காலையில் பெயர் கூப்பிட்டு, எஸ்டேட்டின் எல்லாக் கடிதங்களையும் எழுதுகிறவர். எங்கள் ரைட்டருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாட்டுக் குழுவில் நிற்பார். மற்ற ஆறு நாளும் இரண்டு விரலால் டைப் அடிப்பார். விஷயத்தை அவரிடம் இருபது நிமிடம் விளக்கினேன். எல்லாம் அவருக்குப் புரிந்தது. ஹாஸ்டல் உண்டா, சாப்பாடு கோதுமையா என்றுகூடக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை கடிதம் கைக்கு வந்தது. மூன்றே வரி. இரண்டு வருடம் வேலை செய்தார், நடத்தை நன்று, சொந்த விருப்பத்தில் விலகுகிறார். புதன்கிழமை காலை பெயர் கூப்பிட்டபோது என் பெயர் வரவில்லை. பதிவேட்டில் அதன்மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

அந்த எஸ்டேட்டில் கடிதம் என்பது போகிறவர்களுக்கு மட்டும் தருவது. தந்த அன்று மாலையே பெயரை அடித்துவிடுவார்கள். கையில் கடிதமும் பதிவேட்டில் பெயரும் ஒன்றாக இருந்த ஆள் இதுவரை இல்லை. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சிவப்புக் கோடுகளின் தேதியும் கடிதங்களின் தேதியும் ஒத்துப்போகின்றன என்று பழைய பதிவேடுகளைப் பார்த்து நானே குறித்து வைத்திருந்தேன்.

“ஏனுங்கய்யா, நான் இன்னும் போகலீங்களே.”

“போறதுக்குத்தானே கண்ணு லெட்டரு?”

“அவங்க எடுத்துக்கணுமுங்க. எடுக்கலீன்னா?”

ரைட்டர் நியாயமாக யோசித்தார். “எடுப்பாங்களான்னு தெரியாம இங்க யாரும் லெட்டர் வாங்குனதில்லையே.”

சிவப்புக் கோட்டை அழிக்கக் கூடாது. புது ஆளாகச் சேர்ப்பது ஒன்றுதான் வழி. முதலாளிக்குப் போன் போட்டார். அவர் முழுவதும் கேட்டாரா தெரியாது, சரி என்றார். போன வாரம் மிளகு பறிக்க வந்த பெண்ணின் பெயருக்குக் கீழே, கடைசி ஆளாக, என் பெயர் ஏறியது. சேர்ந்த நாள் புதன்கிழமை.

பரிந்துரை இன்னும் பாக்கி இருந்தது. மூன்று வரிக் கடிதத்தை அனுப்ப முடியாது. அவரே பல்கலைக்கழகத்தின் இணையப் படிவத்தில் எழுத வேண்டும். அதில் ரைட்டருக்கு ஒரு சங்கடம்.

“இன்னைக்குச் சேந்த ஆளைப் பத்தி நான் என்னன்னு எழுதறது?”

வழியையும் அவரே கண்டுபிடித்தார். “சரி. செவ்வாக்கிழமை போனாளே, அவளைப் பத்தி எழுதறேன்.”

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் பஸ்ஸில் ஒண்டிக்கடை என்ற கடைவீதிக்குப் போனோம். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடை. பரிந்துரைப்பவர் எழுதுவதை விண்ணப்பிப்பவர் பார்க்கக் கூடாது என்பது விதி. நான் வெளியே பனிமூட்டத்தில் நின்றேன். கண்ணாடி வழியாக இரண்டு விரல்கள் ஏறி இறங்குவது தெரிந்தது. மூன்று ஐம்பதுக்கு அவர் வாசலுக்கு வந்தார். இதே வேலை பார்த்தவர்களில் இவர் எத்தனையாவது இடம் என்று கேட்கிறார்களாம்.

“நான் பாத்து மழை அளந்த ஆளு நீ ஒருத்திதான். மொதலும் நீதான், கடைசியும் நீதான்.”

முதல் என்று போடலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

“அதெப்படி? ஒருத்திய வெச்சு வரிசை போட முடியுமா?”

உள்ளே போய், கணிக்க இயலவில்லை என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். இதை அவரே பிறகு சொன்னார். நாலு நாற்பத்தெட்டுக்கு வெளியே வந்து, போயிருச்சு என்றார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, பார்த்ததை எழுதினேன் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டார்.

அவர் எழுதியது எனக்கு மே மாதத்தில்தான் தெரிந்தது. நேர்காணல் இணையத்தில் நடந்தது. திரையில் மூன்று பேராசிரியர்கள். அதில் ஒரு அம்மா ரைட்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு, இந்தத் தூக்குப்போசி விஷயம் என்ன என்றார். தூக்குப்போசி என்பது எங்கள் பக்கத்தில் சோறு கொண்டுபோகும் தூக்குவாளி.

அது முந்தைய வருடம் பிப்ரவரியில் நடந்தது. பத்து நாளாகத் தூறல்கூட இல்லை. ஒரு நாள் காலை மழைமானியில் பதினான்கு மில்லிமீட்டர் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு சோற்றுப் பருக்கை மிதந்தது. முந்தின நாள் யாரோ சாப்பிட்ட தூக்குப்போசியை அதன் மேலேயே வைத்துக் கழுவியிருக்கிறார்கள். நான் புத்தகத்தில், மழை இல்லை, பதினான்கு மில்லிமீட்டர், தூக்குப்போசி கழுவிய தண்ணீர் என்று எழுதினேன். பூஜ்யம் என்று போட்டு முடிக்கும்படி முதலாளி சொல்லி அனுப்பினார். ரைட்டர் இரண்டு முறை வந்து கேட்டார். நான் மாற்றவில்லை. அவர் கடிதத்தை இப்படி முடித்திருந்தார்: அன்றைக்கு எனக்குக் கோபம்தான், அந்த வரி இன்றும் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

ஏன் பூஜ்யம் என்று எழுதவில்லை என்று கேட்டார்கள். மானியில் பதினான்கு இருந்தது என்றேன். கழுவிய தண்ணீர் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். பருக்கை என்றேன். நேர்காணல் நடந்த பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்பது நிமிடம் இதற்கே போனது. என் நானூற்றுப் பத்துச் சொற்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் இடம் கிடைத்தது. ரைட்டரிடம் சொன்னேன். நொம்ப சந்தோஷம் என்றபடியே பதிவேட்டைத் திறந்து, கடைசிக்குப் போய், ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டார்.

“லெட்டருங்கய்யா?”

“ஒருத்தருக்கு ஒண்ணுதான் கண்ணு. அதான் அப்பவே குடுத்தாச்சே.”

ஆகவே நான் வேலையை விட்ட நாள் கடிதத்தின்படி ஒன்று, பதிவேட்டின்படி இரண்டு. பல்கலைக்கழகச் சேர்க்கைப் படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம். இரண்டையும் பொடி எழுத்தில் எழுதி ஒரு சிறு விளக்கமும் வைத்தேன். ஒன்றை அடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். விளக்கத்தை மட்டும் அடித்து அனுப்பினேன்.

கிளம்பிய அன்று காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்க்க ரைட்டரும் என்னுடன் வந்தார். மறுநாளிலிருந்து அவர்தான் பார்க்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர். நான் எழுதப் போனேன்.

“இரு கண்ணு” என்று தடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“பருக்கை இல்ல. எழுதிக்க.”