நைனா பின்னிய சடை

நேற்று நான் வேலை பார்க்கும் பள்ளியில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் எழுந்த அந்தப் புதுத்துணி வாசனை, செஞ்சியில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட எங்கள் பழைய வீட்டுக் கூடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நைனா வாத்தியாராக இருந்தவரை காலைநேரக் கூடம் எங்கள் இருவருக்கு மட்டும்தான். ரேடியோ முணுமுணுத்துக்கொண்டிருக்க, சாக்பீஸ் வாசனை போகாத விரல்களால் அவர் எனக்கு இரட்டைச் சடை பின்னுவார், வகிடு கோணினால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அவர் எம்.எல்.ஏ. ஆனபின் விடிந்ததுமே கூடம் நிறைய ஆட்கள், வியர்வை, வாடிய மாலைகள், மீந்துபோன பொன்னாடைகளில் அம்மா தைத்த பளபளக்கும் ஜன்னல் திரைகள்.

ஒரு நாள் சீப்பும் ரிப்பனுமாக நானும் மனு கொடுக்க வந்தவர்களின் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்தபோது நைனா போனில் யாரிடமோ பேசியபடி, நிமிராமலே கையை நீட்டினார். ரிப்பனைக் கொடுத்தேன். மனுக்களைக் கொடுப்பது போலவே அதையும் பக்கத்திலிருந்த உதவியாளரிடம் கொடுத்தார்.

"இது இன்னான்னு பாருப்பா. எந்த ஊரும்மா நீ?"

"செஞ்சிதான், நைனா."

கூடமே சிரித்தது. நிமிர்ந்து பார்த்த நைனாவும் சிரித்தார்.

"நாளைக்குப் பின்னி வுடறேன் கண்ணு, இன்னா?"

உதவியாளர் ரிப்பனைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் வெகுநேரமாக நின்றிருந்த தொண்டூர்க்காரர் மனுவோடு முன்னே வந்தார். நான் வழிவிட்டேன்.