தடிப் புத்தகம் கேட்ட திரேசம்மா

சென்ற வாரம் எங்கள் தெரு நூலகத்துப் பெண் வந்திருந்தாள். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல புத்தகமாகச் சொல்ல வேண்டுமாம். "மெலிசா இருக்கணும் டீச்சர். தடியாக் குடுத்தா பிள்ளைகள் தொடாது" என்றாள். அப்போது பார்த்து அடுத்த வீட்டில் கருவாடு சுடுகிற மணம் வந்தது. எனக்குத் திரேசம்மா ஞாபகம் வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசியதில் பாதி காதில் விழவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது வயதுகூட ஆகவில்லை. இடுப்பில் சேலை நிற்காது, பேச்சில் அதிகாரம் மட்டும் நிற்கும். இருப்பதில் சின்ன டீச்சர் என்று புத்தக அலமாரிச் சாவியை என்னிடம் தள்ளிவிட்டார்கள். அலமாரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாதி பக்திப் புத்தகம், மீதியில் பாதியைச் செல்லுப்பூச்சி அரித்திருந்தது. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். யாருக்கு எது என்று நான்தான் தீர்மானிப்பேன். சதா சிரிக்கிற பிள்ளைக்கு அடக்கத்தைப் பற்றிய புத்தகம், சண்டைக்காரிக்குப் பொறுமையைப் பற்றியது. வைத்தியர் மருந்து கொடுப்பதுபோலத்தான். திங்கட்கிழமை எல்லாம் கசங்காமல் திரும்பி வரும்.

திரேசம்மா கடற்கரைப் பிள்ளை, ஏழாம் வகுப்பு. அவள் திருப்பித் தரும் புத்தகத்தில் மட்டும் கருவாட்டு மணம் இருக்கும். "தடிப் பொஸ்தகம் தாருங்க டீச்சர்" என்று ஓயாமல் கேட்பாள். பேராசை என்று நினைத்து, சுத்தத்தைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள்.

"இது ஒரு அந்திக்குக் காணாது டீச்சர். அப்பன் என்னையப் பள்ளிக்கூடத்துல இருந்து நிப்பாட்டணும்னு நிக்காவ. அம்மைதான், இந்தக் கதை முடியட்டும்னு சொல்லிச் சொல்லி வச்சிருக்கா."

மாலையில் தாய் மீனுக்கு உப்புப் போடுவாளாம், மகள் பக்கத்தில் இருந்து வாசிக்க வேண்டுமாம். தாய்க்கு எழுத்து தெரியாது. கதை நடக்கிறவரை பள்ளிக்கூடமும் நடக்கும். அந்தக் காலத்தில் ஏழாம் வகுப்புப் பரீட்சையில் தேறிவிட்டால் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம். அதற்கு இன்னும் பல மாதம் இருந்தது.

அன்றிலிருந்து புத்தகத்தின் நீதியைப் பார்ப்பதை விட்டுக் கனத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். மேல் தட்டில் ஒரு பெரிய கதை அகப்பட்டது. காணாமல்போன தமையனைத் தேடி ஒரு வியாபாரியின் மகள் கப்பலேறுகிறாள். பொடி எழுத்து, நல்ல கனம், மூன்று பாகம். முதல் இரண்டும் சரியாக இருந்தன. மூன்றாவதில் அட்டைதான் மிச்சம். உள்ளே இருந்த கதை செல்லுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு அவள் வந்தபோது அந்த அட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அட்டைய மட்டும் தாருங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை அவள் இடம் காலியாக இருக்கும் என்றே நினைத்தேன். வந்தாள். அடுத்த வாரமும் வந்தாள். கேட்கப் பயந்து நானும் கேட்கவில்லை.

பரீட்சை முடிந்த மறுநாள் அவள் தாய் பள்ளி வாசலில் மீன் பெட்டியை இறக்கிவைத்து நின்றாள்.

"மூணாம் பாகம் கொள்ளாம் டீச்சர். மத்த ரெண்டும் அதுக்குக் கிட்ட வராது. ஆனா, நல்ல இடத்தை ரெண்டாமட்டம் படிக்கச் சொன்னா ஆளு பேரெல்லாம் மாறி வருது."

"ஏன்னு கேட்டியளா?"

"எதுக்குக் கேக்கணும்? அவ அப்பனும்லா கட்டுமரத்தைக் கரையேத்திட்டு வந்து பக்கத்துல இருந்து கேட்டாவ. பொஸ்தகத்துக்குள்ள பூமிப் படம் கெடந்தது. பாத்தும் பாக்காதமாதிரி இருந்துட்டேன்."

அட்டைக்குள் இருந்தது பூகோளப் பாடப் புத்தகம். திரேசம்மா தேறினாள், பயிற்சிக்கும் போனாள். அஞ்சுகிராமம் பக்கம் ஒரு பள்ளியில் வெகுகாலம் டீச்சராக இருந்தாள் என்று கேள்வி.

நூலகத்துப் பெண்ணிடம், தடியாகவும் ரெண்டு வாங்கி வை என்று சொல்லி அனுப்பினேன்.

அச்சிட்ட மூன்றாம் பாகம் பிற்பாடு நாகர்கோவிலில் ஒரு வீட்டில் கிடைத்தது. ஆசையாக வாங்கிப் படித்தேன். தமையன் கிடைத்துவிடுகிறான், எல்லாருக்கும் கல்யாணம் ஆகிறது. சுமார்தான். திரேசம்மாவின் கதையில் அவன் கிடைத்தானா என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன். அந்தக் கதையைக் கேட்ட தாய் தகப்பன் இருவரும் இப்போது இல்லை. சொன்னவளும் இல்லை.