பதினொரு மணி அடித்தபோது ஜானகி ஓடினாள்

1973 மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கே ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்தில் நிற்கிறேன். லீவு நாளில்கூட இந்த ஊர்க்காரர்கள் ஏன் விடியுமுன் எழுந்து உயிரை வாங்குகிறார்களோ தெரியவில்லை. எஞ்சின் ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவன் நான். நடை என்றால் எனக்கு டிராம் நிறுத்தம் வரைதான். பக்கத்தில் என் மனைவி ஜானகி நாலடுக்கு டிபன் கேரியரை இடுப்பில் அணைத்தபடி, பட்டுப்புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூவோடு நின்றாள். போவோர் வருவோரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

அன்று அவளுடைய அப்பாவின் முதல் தெவசம். போன வருஷம் அவர் மதுரையில் போனபோது எங்களால் போக முடியவில்லை. "அண்ணன் அங்கே செய்யட்டும். எனக்கு அப்பா பேரைச் சொல்லி ஒருத்தருக்காவது என் கையால சோறு போடணும்" என்றாள். இங்கே யாரைக் கூப்பிட்டு இலை போடுவது? பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சாம்பார் வாசனையே ஆகாது. அப்போதுதான் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஃப்ராவ் வாக்னர் என்ற அம்மாள் தன் நடைபயணக் குழுவைப் பற்றிச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை மலைமேல் கிராமங்கள் வழியாக ஒரு புத்த மடத்துக்குப் போகிறார்களாம். அங்கே ஒரு ஜெர்மன் பிக்கு இருக்கிறாராம். மதியத்துக்கு மேல் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டாராம். "அவருக்குப் போடறேன். அதுவரைக்கும் நான் பல்லுல தண்ணி பட விடமாட்டேன்" என்று ஜானகி முடிவு கட்டிவிட்டாள்.

எட்டரைக்கு ஊராக் வந்து இறங்கினோம். அடிவாரத்துச் சின்ன ஊர். வழிகாட்டி ஹெர் மாயர் காத்திருந்தார். முழங்கால் வரை சிவப்புக் காலுறை, கழுத்தில் விசில், கையில் தடி. நடந்து தீர்த்த ஊர்களின் பெயர் பொறித்த தகரத் துண்டுகள் அந்தத் தடி முழுக்க அறையப்பட்டிருந்தன. ஆளுக்கு மூன்று மார்க் வாங்கிக்கொண்டு திட்டத்தை அறிவித்தார். முதலில் காட்டு ஏற்றம், மேலே இரண்டாம் காலைச் சாப்பாடு, பிறகு விட்லிங்கன் கிராமம், பக்கத்தில் இடிந்த கோட்டை. மடத்துக்குப் பன்னிரண்டுக்குக் கால் மணி முன்பு.

"பன்னிரண்டுக்கு முன்னால் நிச்சயம்தானே?" என்று கேட்டேன்.

"நான் சொன்னால் சொன்னதுதான்" என்றார் மாயர். அந்த மனிதரைச் சந்தேகப்பட்டதற்கு என்னையே நான் நொந்துகொண்டேன்.

ஏற்றம் என்றால் ஏற்றம். பீச் மரங்கள் புதிதாகத் துளிர்விட்டிருந்தன. அடியில் பூண்டு மணக்கும் காட்டுக்கீரை பாய் விரித்தாற்போலக் கிடந்தது. அழகுதான், மூச்சு விட முடிந்தால் ரசிக்கலாம். எழுபது வயதுக் கிழவிகள் பாட்டுப் பாடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். மானம் போயிற்று. குழுவில் தினமும் தேகப்பயிற்சி செய்கிற ஒருவர் கேரியரைத் தூக்கிவர முன்வந்தார். ஜானகி மறுத்துத் தலையாட்டிவிட்டாள். என்னிடமே தரவில்லை. "நீங்க உங்களைத் தூக்கிட்டு வாங்க, போதும்."

மேலே ஏறியதும் சமவெளி. ஆப்பிள் மரங்கள், சாணம் மணக்கும் தொழுவங்கள், எதிர்ப்பட்டவர்களெல்லாம் "க்ரூஸ் காட்" என்று வாய்நிறையச் சொல்லும் வணக்கம். ஒரு வேலியோரம் எல்லோரும் உட்கார்ந்து ரொட்டியும் தொத்திறைச்சியும் வெளியே எடுத்தார்கள். ஜானகி எழுந்து போய்த் தனியாக நின்றாள். மாயர் அவசரமே இல்லாமல் முட்டை உரித்தார். நான் அந்த முட்டையையும் என் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

விட்லிங்கனைத் தாண்டியதும் மாயர் தடியால் தூரத்தில் காட்டினார். பண்ணைவீடு ஒன்று, வாசலில் காவிக் கொடி. "அதுதான் மடம். நாம் முதலில் கோட்டைக்குப் போய் வருவோம்." சொல்லி வாய் மூடவில்லை, கிராமத்துக் கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. விட்டு விட்டு அல்ல, விடாமல், கணகணவென்று. உருளைக்கிழங்கு வயலில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

ஜானகியின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, உச்சி வேளை ஆயிடுச்சே!" என்றாள். புடவையை ஒரு கையால் தூக்கிச் செருகினாள். ஓடினாள்.

"ஜானகி! மணி பதினொண்ணுதான்!" என்று கத்தினேன். காற்றில் யார் காதில் விழும்? ஏதோ விபத்து என்று மாயர் விசிலை ஊதிக்கொண்டு பின்னால் ஓடினார். அவர் பின்னால் ஃப்ராவ் வாக்னர், அவர் பின்னால் மொத்தக் குழுவும், கடைசியில் நான். வேலியோரத்து மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தன. ஓடிக்கொண்டே ஃப்ராவ் வாக்னர் விளக்கினார். இந்தப் பக்கம் பதினொரு மணிக்கு அடிப்பார்களாம், வயலில் இருக்கும் பெண்கள் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவதற்கு. கோட்டையாவது ஒன்றாவது!

நான் போய்ச் சேர்ந்தபோது ஜானகி மடத்து வாசலில் மூச்சிரைக்க நின்றிருந்தாள். உள்ளே மொட்டைத் தலையும் நெடிய உருவமுமாகப் பிக்கு பாத்திரத்தின் முன் அமர்ந்திருந்தார். சமையல்காரப் பெண்மணி கையில் கிழங்கு சூப்புக் கரண்டி.

மாயர் வேர்வையைத் துடைத்தபடி, "அதற்குள் சாப்பாடா? பன்னிரண்டுக்கு முன் என்றல்லவா சொன்னார்கள்?" என்றார்.

"முன்புதானே? ஊர் மணி அடித்தால் கிராமத்தில் சமைப்பார்கள், நாங்கள் சாப்பிடுவோம். இன்னும் கால் மணியில் பாத்திரம் கழுவியாகிவிடும். எழுந்துவிட்டால் நாளைக்குத்தான்" என்றார் அந்த அம்மாள்.

மாயர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மாயர் சொன்ன சரியான நேரத்துக்கு வந்திருந்தால் வெறும் பாத்திரத்தைத்தான் தரிசித்திருப்போம்.

பிக்கு ஜானகியின் பொட்டையும் புடவையையும் பார்த்தார். பிறகு தமிழில் பேசினார்! "வாங்கம்மா. மூச்சு வாங்குதே. கொஞ்சம் நில்லுங்க, நான் எங்கயும் ஓடமாட்டேன்."

இலங்கை மலைநாட்டில் பல வருஷம் இருந்தவராம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பிச்சை வாங்கிச் சாப்பிட்டுக் கற்ற தமிழ்.

ஜானகி அடுக்கைப் பிரித்தாள். பால்கஞ்சிக்கென்று இங்கே விற்கிற குண்டரிசியில் வடித்த சோறு, கறிவேப்பிலை இல்லாத சாம்பார், பீன்ஸ் பொரியல், அவள் அப்பாவுக்கு உயிரான பருப்புப் பாயசம். சோறு கட்டி தட்டியிருந்தது. ஓட்டத்தில் பாயசம் பாதி பொரியலோடு கலந்துவிட்டது. அவள் கண் கலங்கியது. அவரோ எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். மறுபடி போட்டாள், சாப்பிட்டார். மூன்றாம் முறை பாத்திரத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"யாரு பேருலம்மா?"

"எங்கப்பா. சுப்பையான்னு பேரு."

கண்ணை மூடிப் பாலி மொழியில் ஓதினார். புரியாத அந்த ஓதலின் நடுவே "சுப்பையா" என்று தெளிவாகக் கேட்டது. பிறகு கண்ணைத் திறந்து சொன்னார்: "வயிறு நெறஞ்சு போச்சும்மா."

ஜானகி வாய்விட்டு அழுதாள். ஃப்ராவ் வாக்னர் எதுவும் கேட்காமல் அவளை அணைத்துக்கொண்டார்.

மிச்சத்தைக் குழுவினர் ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்தார்கள். சாம்பாரின் காரத்தில் கண்ணீர் விட்ட மாயர், சூப்பைக் குடித்துவிட்டு மறுபடி சாம்பாருக்கே வந்தார். ஜானகி முகத்தைத் துடைத்துக்கொண்டு, முந்தானையைச் செருகி, பரிமாறிப் பரிமாறிச் சிரித்தாள். தன் தெவசத்தில் இத்தனை சிவப்பு முகங்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் என்று மாமனார் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். மதுரையில் மச்சான் வீட்டில் இலைகள் எடுத்தாகியிருக்கும். அங்கே உறவுக்காரர்கள் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டிருப்பார்கள். இங்கே ஒருவரும் குறை சொல்லவில்லை.

இறங்கும் வழியில் விட்லிங்கன் விடுதியில் உட்கார்ந்தோம். அந்தப் பக்கத்துச் சாப்பாடு, குழைந்த பருப்பும் சேவை மாதிரி ஒரு பண்டமும். தொத்திறைச்சி வேண்டாம் என்று சொல்லி ஜானகி ஒரு தட்டு வாங்கினாள். வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் பசிக்குதுங்க."

அப்பா போனதிலிருந்து என் மனைவி வாயால் பசி என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் கையை உயர்த்தி இன்னொரு தட்டு கேட்டேன்.