டூல் பாக்ஸில் போன எலும்புகள்

என் கூடப்பிறந்தவர்கள் பெற்ற பிள்ளைகளே, உங்கள் அக்கா டாக்டர் படிப்பில் ஃபெயில் ஆன கதையை ஆளுக்கொரு விதமாக உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கண்ணு பட்டுவிட்டது என்று ஒருத்தர், செல்போன்தான் காரணம் என்று ஒருத்தர், பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அவ்வளவு பெரிய படிப்பு என்று ஒருத்தர். நான் அவளுடைய அப்பன். லாரி ஓட்டுகிறவன், பத்தாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. வாயால் சொல்லலாம் என்றால் பாதியிலேயே கத்திவிடுகிறேன். போன பொங்கலுக்குச் சொல்ல ஆரம்பித்தபோது உங்களில் சின்னவள் பயந்து அழுதுவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வருடத்தில் அனாட்டமி என்று ஒரு பாடம். உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று படிப்பது. அதில் உங்கள் அக்கா தேறவில்லை. கொஞ்ச நாளிலேயே இன்னொரு பரீட்சை வைப்பார்கள். அதில் தேறினால் கூடப் படித்தவர்களோடு இரண்டாம் வருடம் போகலாம். அதிலும் போனால், புதிதாக வருகிற பிள்ளைகளோடு முதல் வருடத்தை முதலில் இருந்து படிக்க வேண்டும். அவளுக்கு இரண்டும் போயிற்று. திரும்பவும் போய் உட்காருவதா, படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவதா? இதுதான் அப்போது முடிவு செய்ய வேண்டியிருந்தது.

விஷயம் தெரிந்ததும் ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, பன். ஒரு அத்தை வாசலிலேயே என் மனைவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்க அம்முணி, நம்ம கையில என்ன இருக்குது" என்றாள். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு என் மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்த நான்தான் முட்டாள்.

இதே ஆட்கள் அதற்கு முன்னால் என்ன சொன்னார்கள் தெரியுமா? பன்னிரண்டாவது முடித்து, நுழைவுத் தேர்வில் அவளுக்கு முதல் தடவை மார்க் பத்தவில்லை. நாமக்கல் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்து, திரும்பவும் ஒரு வருடம் அதே பாடத்தைப் படிக்க வைத்தோம். அப்போது யாரும் சாத்துக்குடி கொண்டு வரவில்லை. "ரிப்பீட்டர் போட்டிருக்கீங்களா? ரொம்ப நல்லதுங்க, ஒரு வருசம் போனாப் போவுது" என்றார்கள். சீட்டு வாங்குவதற்குத் திரும்பப் படித்தால் கெட்டிக்காரத்தனமாம், சீட்டு வாங்கிய பிறகு திரும்பப் படித்தால் மானம் போய்விடுமாம். இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

எங்கள் லாரியில், கண்ணாடிக்கு மேலே முன்பக்கத்துப் பலகையில், அவள் பெயர் எழுதியிருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்ம பக்கம் பிள்ளைகள் பெயர் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டுக்கு வராது. அவள் பிறந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அங்கேதான் இருந்தது. சீட்டு கிடைத்த வாரத்தில் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், என்னிடம் சொல்லாமலே வண்டியை நாமக்கல்லுக்கு ஓட்டிக்கொண்டு போய், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று எழுதிவிட்டார். சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல். "தாய்மாமன் சீருங்க மாப்ள" என்று சிரித்தார். ஒரு நாள்கூடக் காலேஜுக்குப் போகாத பிள்ளை அன்றைக்கே டாக்டர் ஆகிவிட்டது. அந்தப் பலகையோடு நான் நாக்பூர் வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தேன்.

இனி எலும்புக்கு வருகிறேன்.

முதல் பரீட்சையில் போனபோது அவளைக் கேட்டேன். "எழுதறதெல்லாம் எழுதிப்போடுவேன்ப்பா. மேடம் ஒரு எலும்பக் கையில குடுத்து, இது எடதா வலதான்னு கேக்கறாங்க. புஸ்தகத்துல அஞ்சு பக்கம் மனப்பாடமா வரும். கையில வெச்சுப் பாத்தா ஒண்ணுமே தெரியலீங்கப்பா" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கற்றுக் கொடுத்தது அவ்வளவுதான். விடியுமுன் எழுப்பி, கேள்வியும் பதிலும் ஒப்பிக்க வைத்தார்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார் என்று அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை.

அடுத்த பரீட்சைக்காக லீவில் வந்தபோது ஒரு சாக்கு எலும்பு கொண்டுவந்தாள். உண்மையான மனித எலும்பு. மண்டை ஓடு, கை, கால், விலா எல்லாம். மேல் வகுப்புப் பிள்ளைகள் படித்து முடித்துக் கீழ் வகுப்புக்குக் கொடுப்பார்களாம். என் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "ஊட்டுக்குள்ள பொணத்து எலும்பக் கொண்டாரதா? வெள்ளிக்கெழம வெளக்கு எங்க வெக்கறது?" அதனால் தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு கட்டிலைப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து படித்தாள்.

ஒரு நாள் மாலை மச்சான் வந்தார். மோட்டார் ரூமில் மண்டை ஓட்டைப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, "தோட்டத்துல இருந்தாலும் ஊட்டுல இருந்தாலும் ஒண்ணுதான்" என்று சத்தம் போட்டார். மகள் குளித்துக்கொண்டிருந்தாள், நான் வெளியே போயிருந்தேன். அவர் திரும்பத் தோட்டத்துக்குப் போய்ச் சாக்கைக் கட்டித் தூக்கி வந்து, வாசலில் நின்ற என் லாரியின் டூல் பாக்ஸில் போட்டுப் பூட்டிவிட்டார். அது ஓடுகிற வண்டிதானே, வீட்டில் சேர்த்தி இல்லை என்று அவருக்கு நினைப்பு. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று எங்கள் வீட்டிலேயே படுத்துவிட்டார். நான் சேலத்தில் ஜவ்வரிசி லோடு ஏற்ற விடியுமுன் கிளம்பிவிட்டேன்.

ஆந்திராவைத் தாண்டி ஒரு இடத்தில் டயர் வெடித்தது. ஜாக்கி எடுக்க மாற்று டிரைவர் டூல் பாக்ஸைத் திறந்தார். என்னைவிட மூத்தவர், எதற்கும் பதறாதவர். துள்ளிப் பின்னால் விழுந்தார்.

"ஏனுங்க தம்பி, இவரு எந்த ஊர்ல ஏறுனாரு?"

சாக்கு அவிழ்ந்து மண்டை ஓடு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ற புள்ளைதுங்கண்ணா. படிக்கறதுக்கு."

"ஜவ்வரிசிக்குப் பில்லு இருக்குது. இவருக்கு என்னத்தக் காட்டறது? போலீசு நிறுத்துனா நான் உங்க வண்டியே இல்லீங்க, நடந்து போறவன்."

அவர் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். எலும்பு என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். மாமாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அவர், "பத்தரமா இருக்குது, நீ புஸ்தகத்தப் படி" என்று மழுப்பியிருக்கிறார். பரீட்சைக்கு அந்த வாரம்தான் பாக்கி. லோடை இறக்காமல் திரும்ப முடியாது. காலேஜுக்கு முன்கூட்டியே போய்ப் பார்த்தாள். கூடப் படித்தவர்கள் தேறிவிட்டதால் அவர்களுடைய எலும்பெல்லாம் கைமாறிப் போயிருந்தது. அவள் எலும்பைத் தொடாமலே பரீட்சைக்குப் போனாள். போயிற்று.

நான் திரும்பி வந்து சாக்கை மோட்டார் ரூமில் வைத்த கையோடு மச்சானிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. நீங்கள் பிள்ளைகள். பலகையில் டாக்டர் என்று எழுத உங்களுக்குக் கை இருக்கிறது, அந்தப் படிப்பின் எலும்பு வீட்டில் இருந்தால் மட்டும் தீட்டா என்று கேட்டேன். என் மனைவியையும் சேர்த்துத்தான் கேட்டேன். அதற்கு என் மகள் உள்ளே இருந்து வந்து, "எல்லாத்தையும் மாமா மேல போடாதீங்கப்பா. மொத தடவ எலும்பு என்ற கையிலதான் இருந்துது, அப்பவும் ஃபெயிலுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்காகச் சண்டை போட்டவன் நான். எனக்கு அவள் மேலேயும் கோபம் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து வண்டிக்கு எஃப்.சி. வந்தது. லாரி ஓட்டத் தகுதியாக இருக்கிறதா என்று சர்க்காரில் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிப்பது வழக்கம். நாமக்கல்லில் பட்டறையில் விட்டிருந்தேன். பலகைக்குப் பச்சை அடித்தாகிவிட்டது, எழுத்து மட்டும் பாக்கி என்று பெயிண்டர் கூப்பிட்டார். கிளம்பும்போது மகள் கதவைத் திறந்து, "நானும் வாரேன்" என்றாள். காலேஜில் போய்ச் சேருவதற்கு அந்த வாரம்தான் கடைசி. மோட்டார் ரூமைத் தவிர அவள் எங்கேயும் போகாமல் இருந்த நாட்கள் அவை. அங்கே போய் அழுகிறாள் என்று நினைத்து நான் விட்டுவிட்டிருந்தேன். இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

பட்டறைக்குப் போனால் மச்சான் எங்களுக்கு முன்னால் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

பெயிண்டர் பிரஷ்ஷோடு ஏணியில் நின்றுகொண்டு கேட்டார். "அண்ணா, பேருக்கு முன்னால அது போடறதுங்களா, வேண்டாங்களா?"

"பேரு மட்டும் போடு" என்றார் மச்சான். என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மாப்ள, ஆயரம் அடி போர் ஓட்டியும் தண்ணி இல்லாமப் பொகைதான் வருதுன்னா பாயிண்ட மாத்தோணும். திருச்செங்கோட்டுல ஒரு எடம் வந்துருக்குது. பையன் சொந்தமா போர் போடற ரிக்கு வண்டி வெச்சிருக்கறான். டாக்டருக்குப் படிச்ச புள்ளைன்னாலே போதும்ங்கறாங்க."

"என்ற புள்ள போர்க்குழி இல்லீங்க மச்சான்."

"கோவிச்சுக்காதீங்க. ரெண்டு தடவ எழுதிப் பாத்தாச்சு..."

"மூணாந்தடவையும் எழுதுவா! ஏப்பா பெயிண்டர், டாக்டர்னு போடு. முன்ன இருந்ததவிடப் பெருசாப் போடு. பேர் சின்னதாப் போனாலும் பரவாயில்ல!"

பட்டறையில் வேலை செய்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெயிண்டர் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். அப்போது என் மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க மாமாகிட்ட ஜெயிக்கறதுக்கு நான் காலேஜுக்குப் போகோணுமாப்பா?"

பதிலுக்கு நிற்காமல் அவள் ஏணிக்குப் பக்கத்தில் போனாள்.

"அண்ணா, ஒண்ணும் போடாதீங்க. பேரும் வேண்டாம்."

"அம்முணி, பேரில்லாம எப்புடிச் சாமி வண்டி..." என்று மச்சான் எழுந்தார்.

"லீவுக்கு வாரப்பெல்லாம் பஸ்ஸ விட்டு எறங்கி ஊட்டுக்கு வந்தா, வாசல்ல நிக்கற வண்டில அந்தப் பலகைதான் மாமா மொதல்ல தெரியும். ஒரு பேப்பர்ல ஃபெயிலுன்னு கையில வெச்சுக்கிட்டு அதப் பாத்துப் பாருங்க. நான் காலேஜுக்குப் போறேன். ஆனா வண்டிக்காகப் போகல. மோட்டார் ரூம்ல போயி மொதல்ல அழுதுட்டுத்தான் இருந்தேன். எத்தன நேரம் அழுகறது? சாக்கப் பிரிச்சு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். இப்பக் கண்ண மூடிக்கிட்டுத் தொட்டே சொல்லுவேன், எது எடது, எது வலதுன்னு. பரீட்சைக்கு அப்பறம் தெரியுது, என்ன பண்றது? தெரியறத விட்டுப்போட்டு எங்க போகச் சொல்றீங்க?"

பிறகு என்னிடம் திரும்பினாள். "எலும்பு ஊட்டுக்குள்ள வரோணும்ப்பா. என்ற ரூமுக்கு. இல்லீன்னா லீவுக்கு நான் வர மாட்டேன்."

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் பெயிண்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவ்வளவு பெரிய பச்சைப் பலகையில் ஒரு எழுத்தும் இல்லாமல் வண்டியை வெளியே எடுத்தபோது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. மகள் சொன்னது சரி என்று தெரிந்தும் ராசிபுரம் வரைக்கும் தேவையில்லாமல் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மோட்டார் ரூமிலிருந்து சாக்கை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். என் மனைவி வாசலில் நின்றாள். வழி விடுவாளோ மாட்டாளோ என்று எனக்குத் தெரியவில்லை. விலகி நின்று, "நீங்க குளிச்சுட்டுத்தான் சாப்பாட்டுக்கு உக்காரோணும்" என்று மட்டும் சொன்னாள்.

மகள் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தாள். தன்னைவிட இளைய பிள்ளைகளோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். முதல் வாரம் அந்தப் பிள்ளைகள் அவளை மேடம் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். போனில் சொல்லிச் சிரித்தாள். பரீட்சை இனிமேல்தான். தேறுவாளா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. லீவில் வந்தால் எலும்புகளைக் கட்டிலில் பரப்பிக்கொண்டு படிக்கிறாள். அவள் அம்மா இன்னும் அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை. டீயை வாசற்படியில் வைத்துவிட்டு, "ஆறுது, எடுத்துக்க" என்று சத்தம் கொடுக்கிறாள். மச்சான் ரோட்டோடு போனால் ஹாரன் அடிக்கிறார், வீட்டுக்குள் வருவதில்லை. வராவிட்டால் போகட்டும்.

லோடு ஏற்றுகிற இடத்தில் மற்ற டிரைவர்கள் கேட்பார்கள். "என்னுங்க, பலகை மொட்டையா இருக்குது? பெத்ததுக்குப் பேரு வெக்கலீங்களா?" முதலில் எல்லாம் சண்டைக்குப் போனேன். இப்போது, "பெயிண்ட் காயட்டும்னு உட்டிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயைக் கட்டப் போய்விடுகிறேன்.