ஒரே வண்டியில் வந்ததற்கு இரட்டைத் தரகு

1939 ஜூலை 12, புதன்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, கிணற்றடியில் குளித்து, கேப்பைக்கூழ் குடித்துவிட்டு விழுப்புரத்தில் முதல் ரயிலைப் பிடித்தேன். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளுக்குக் கணக்கு எழுதும் வேலை. உட்கார இடம் கிடைத்தது, தூங்கிவிட்டேன். அந்த வருஷம் முழுவதும் ரயிலில்தான் சரியாகத் தூங்கினேன் என்று தோன்றுகிறது.

விழுப்புரத்து வாடகை வீட்டை ஆடி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். புதிதாகக் கல்யாணமான அவர் மகள் ஆடிக்குப் பிறந்தகம் வருகிறாள். ஆடி பிறந்துவிட்டால் எங்களுக்கும் யாரும் வீடு விடமாட்டார்கள், நாங்களும் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாது. அதற்கு நான்கைந்து நாள்தான் இருந்தது.

திண்டிவனத்தில் ஒரு விதவையம்மாளின் ஓட்டு வீட்டுக்கு விலை பேசி முடித்திருந்தோம். மறுநாள் ரிஜிஸ்தர். மண்டி வேலை முடிந்ததும் தரகரும் நானும் பத்திரத்தைப் படித்துக்காட்ட அந்த அம்மாள் வீட்டுக்குப் போனோம். அவள் கேட்டு முடித்ததும் தரகர் மெல்லச் சொன்னார்:

"ரெண்டு பக்கமும் நூத்துக்கு ரெண்டு ரூபாங்க. அதான் ஊரு வழக்கம்."

"எங்கிட்ட ஏது தரகு?" என்றாள் அந்த அம்மாள். "நானா ஆள் அனுப்பி உன்னைக் கூப்ட்டேன்? மொத மொத வூடு பாக்க வந்தன்னிக்கு இவரோட வண்டியிலதானே வந்து எறங்குன? வாடகை யாரு குடுத்தா?"

நான்தான் கொடுத்தேன். நல்ல வெயில்; ஸ்டேஷனிலிருந்து அவரை நடக்கவைப்பது மரியாதையில்லை என்று ஜட்காவில் ஏற்றிக்கொண்டேன். யார் வண்டியில் தரகர் வந்து இறங்குகிறாரோ அவருடைய ஆள்தான் தரகர் என்பது அந்தத் தெருவின் கணக்கு. அன்று பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்ப வண்டி இழுத்த குதிரைக்கும் தரகு குடுத்துடலாமா?" என்றார் தரகர்.

"குதிரை பொய் பேசாது. குடுத்தாலும் தப்பில்ல."

எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. "நீங்க யார் பக்கம்தான் பேசறீங்க?" என்று தரகரைக் கேட்டேன்.

"நான் வூட்டு பக்கம்ங்க. வூடு கைமாறணும். யாரு குடுத்தாலும் சரி, ரெண்டு பங்கும் எனக்கு வரணும். வரலைன்னா நாளைக்கு சாட்சிக்கு நான் வர்றதா இல்ல."

அந்த அம்மாளோ, தன் பங்கைக் கேட்டால் கையெழுத்தே கிடையாது என்று உள்ளே எழுந்து போய்விட்டாள். இருவருக்கும் அவசரமில்லை. ஆடி கழித்துக்கூட விற்பாள். ஆடி கழித்துக்கூடத் தரகருக்கு வேறு ஆள் கிடைப்பான். வாசலில் நின்றபடி, வீட்டில் கேட்டுவந்து காலையில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். இரண்டு பங்கும் நாமே கொடுத்தால், சமையற்கட்டுக்கு ஓடு மாற்ற எடுத்துவைத்தது போய்விடும்.

"மழை பேஞ்சா ஒழுகாத மூலையா பாத்து அடுப்பை வெச்சிக்கிறேன்," என்றாள். சோற்றைப் போட்டுவிட்டு, "ஆடியில சட்டி பானையோட தெருவுல நிக்க முடியாதுங்க. குடுத்துட்டு வாங்க. ஆனா, வூடு பாக்கப் போறவரு ஊர்க்காரனை எல்லாமா வண்டியில ஏத்திக்கினு போவாரு?" என்றாள்.

நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை திண்டிவனத்தில் இறங்கியதும், ஸ்டேஷன் வாசலிலேயே தரகர் நின்றிருந்தார். இரண்டு பங்கும் நானே தருவதாகச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. கைதட்டி ஜட்காவைக் கூப்பிட்டார். "ஏறுங்க. அந்தம்மாவையும் இட்டுக்கினு நேரா ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயிடலாம். இன்னிக்கு வாடகை என்னுது."

அவர் வண்டியில் போய் இறங்கினால் நான் யாருடைய ஆள் என்று ஆகுமோ. அவரைப் போகச் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நடக்கத் தொடங்கினேன்.