குதிரைகளுக்காகப் பன்காரர் சொன்ன சாட்சி

வண்ணார்பேட்டை பேக்கரி ஒன்றில் பன்னும் ரஸ்க்கும் எடுத்துக்கொண்டு கிளம்பி, சீவலப்பேரி வரைக்கும் உள்ள டீக்கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவது பீர் மைதீனின் தொழில். வீடு மேலப்பாளையத்தில். ஒரு பழைய மொபெட், அதன் பின்னால் தகரப்பெட்டி. வழியில் யாரைக் கண்டாலும் நின்று நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டார். அதனால் எந்தக் கடைக்கும் அவர் நேரத்துக்குப் போனதில்லை. அதற்காக அவரை யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

சீவலப்பேரிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டுக்கு மேற்கே ஒரு குளம். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் வற்றி, புல் முளைத்துக் கிடக்கும் அரசுப் புறம்போக்கு. அங்கே பத்துப் பன்னிரண்டு குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிந்தன. ஆட்டோக்கள் வந்த காலத்தில் ஜட்கா வண்டிக்காரர்கள் அவிழ்த்துவிட்டவற்றின் வம்சம் என்பார்கள் சிலர். குற்றாலத்தில் சவாரிக்கு வைத்திருந்து கைவிட்டவை என்பார்கள் வேறு சிலர். எதுவானாலும் லாடமும் கடிவாளமும் அறியாத குதிரைகள் அவை. ஆள் கிட்டே போனால் காதை விறைத்துக்கொண்டு விலகிவிடும். தாகம் எடுத்தால் குளத்து ஓடைக்குள் இறங்கி, ரோட்டுப் பாலத்துக்கு அடியில் நுழைந்து, கிழக்கே ஆற்றுக்குப் போகும். போன வழியே திரும்பிவிடும். ரோட்டில் போகிறவர்களுக்கு அவற்றால் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

போன வருஷம் வெளியூர்க்காரர் ஒருவர் அந்தக் குளத்துக்குள்ளேயே கல்தூண் நட்டு, முள்கம்பி கட்டி, வாழை வைத்தார். கம்பி ஓடையின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். ஆள் பெரிய இடம் என்று பேச்சு. பீர் மைதீனும் மொபெட்டை நிறுத்திப் பார்த்தார், நமக்கென்ன என்று போய்விட்டார். குதிரைகள் என்ன செய்யும்? கரையேறி ரோட்டைக் கடக்கத் தொடங்கின.

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் கரையிலிருந்து செம்பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை ஒன்று திடீரென்று அவர் முன்னால் வந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்தார். மொபெட் சறுக்கி அதன் மேல் உரசிவிட்டு விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் வலது கால் தன்னோடு வரவில்லை என்று தெரிந்தது. பெட்டி திறந்து பன்னெல்லாம் ரோட்டில் உருண்டு கிடந்தது. பெட்டைக் குதிரை ஓடவில்லை. பக்கத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. அதன் மார்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். மொபெட் பட்ட காயம் அல்ல, கம்பி கிழித்துச் சீழ் வைத்த பழைய புண். சற்று நேரத்தில் மற்றக் குதிரைகளும் வந்தன. அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே பன்னைத் தின்ன ஆரம்பித்தன.

அப்போதுதான் மண்வெட்டியோடு வயலுக்கு வந்துகொண்டிருந்த அன்னத்தாய் அவரைப் பார்த்தாள். ரோட்டுக்குக் கிழக்கே, பாலத்தை ஒட்டி ஓடைக்கரையில் இருந்த நெல்வயல் அவளுடையது. ரோட்டைக் கடக்கும் குதிரைகள் அதை மிதித்துக்கொண்டுதான் ஆற்றுக்குப் போயின.

“ஏ பாய்! என்ன இப்படிக் கெடக்கிய? நீங்க கால் ஒடிஞ்சு கெடக்கிய, இந்தச் சனியனுவ பன்னு திங்குதுவ!”

மண்வெட்டியை ஓங்கிக் குதிரைகளை விரட்டினாள். தன் முந்தானையைக் கிழித்து, ஓடையோரம் கிடந்த பனைமட்டை ஒன்றோடு சேர்த்து அவர் காலைக் கட்டினாள். பிறகு ரோட்டின் நடுவில் போய் நின்றாள். திருநெல்வேலிக்குப் போகும் முதல் டவுன் பஸ் அவளை இடிக்காமல் நிற்பதே பெரும்பாடாகிவிட்டது. டிரைவர் திட்ட வாயெடுத்தார், கீழே கிடந்த ஆளைப் பார்த்ததும் இறங்கி வந்து தூக்கினார். பஸ் அன்றைக்கு எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் நேரே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. கல்லூரிக்கும் வேலைக்கும் போகவேண்டிய ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

காலில் கம்பி வைத்தார்கள். மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தார். யார் பார்க்க வந்தாலும் குதிரை பன் தின்ற கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். அன்னத்தாய் பேரைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பை நிறுத்திவிடுவார். “அவ மட்டும் அந்த நேரத்துல வரலேன்னா இந்தக் கால எடுத்திருப்பாங்க” என்பார் மனைவி செய்யதலி பாத்திமாவிடம்.

ஒரு நாள் அன்னத்தாயே வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

“குதிரையள எல்லாம் பிடிச்சிட்டுப் போவச் சொல்லி மனு குடுத்திருக்கேன் அண்ணாச்சி. திங்கக்கெழம ஆர்.ஐ. அம்மா வாறாவ. லாரியும் வருது. நீங்க வந்து, குதிரையாலதான் என் கால் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லணும். எனக்கு ரெண்டு போகமும் மிதிபட்டுப் போச்சு.”

“பிடிச்சு எங்க கொண்டுபோவாவ தங்கச்சி?”

“யாருக்குத் தெரியும்? எங்கயோ.”

அந்த ‘எங்கயோ’ அவருக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கேட்பது யார்? அவருடைய காலைக் காப்பாற்றிக் கொடுத்தவள். வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன்பிறகு சோறு இறங்கவில்லை. “மனசுல உள்ளத அவகிட்டயே மொதல்ல சொல்லிருங்க. சபையில வச்சுச் சொன்னா நன்றி கெட்டத்தனம்” என்றாள் செய்யதலி பாத்திமா.

அது நியாயமாகப் பட்டது. திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்பாக ஆட்டோவில் போய், ஊன்றுகோலோடு அவள் வயல் வரப்பில் இறங்கினார்.

“தங்கச்சி, என்னய வண்டியிலேர்ந்து தள்ளுனது குதிரை இல்ல. அந்தக் கம்பி. ஓடையை அடைக்காம இருந்தா அதுவ ரோட்டுக்கே வந்திருக்காது. ஒன் வயலும் மிதிபட்டிருக்காது. நான் உள்ளதத்தான் சொல்லுவேன். ஒனக்கு வருத்தம்னா இப்பவே சொல்லிரு, நான் வாயத் தொறக்காம வீட்டுக்குப் போயிருதேன்.”

அன்னத்தாய் முகம் இறுகியது. “அது எனக்குத் தெரியாதா? கம்பிக்காரனை எதுத்து நான் ஒத்தப் பொம்பள என்ன செய்ய முடியும்? குதிரையத்தான் வெரட்ட முடியும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறிப் போனாள்.

குளத்தங்கரையில் நல்ல கூட்டம். லாரி கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. கயிறுகளோடு நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஆர்.ஐ. மதுமதி, வருவாய்த்துறை ஆய்வாளர், அமைதியான பெண். அடிபட்டவர் யார் என்று கேட்டார். பீர் மைதீன் முன்னால் வந்து, அந்தக் காலையில் நடந்ததை அப்படியே சொன்னார். பன் தின்ற இடத்தில் கூட்டம் சிரித்தது. பெட்டைக் குதிரையின் மார்பைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

“கம்பி கட்டுனத நானும்தான் பாத்தேன். நமக்கென்னன்னு போனேன். இந்தக் குதிரையளப் பிடிச்சிட்டுப் போனாலும் என் கால் பழையபடி ஆயிராது. ஓடையைத் திறந்து விடுங்கம்மா, அதுவ பாட்டுக்கு வந்து போவும்.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அன்னத்தாயின் குரல் வந்தது.

“அவிய சொல்லுதது நெசந்தான். மனு குடுத்தது நான்தான், நானே சொல்லுதேன். கம்பியை எடுங்க. எடுத்தும் அதுவ என் வயல்ல எறங்குனா அப்பப் பாத்துக்கிடுதேன்.”

அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வாய் வந்துவிட்டது. ஆளாளுக்கு ஓடையின் கதையைச் சொன்னார்கள். மதுமதி லாரியைத் திருப்பி அனுப்பினார். குளத்தை அளந்து பார்த்து முடிவு செய்ய மேலும் சில வாரம் ஆனது. வாழைக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிப் பேசிப் பார்த்தார். ஆனால் ஊரே ஒரே வார்த்தையில் நின்றதால் அவருக்கு வழியில்லை. கம்பியும் தூணும் போயின. ஓடை திறந்தது. இரண்டு நாள் குதிரைகள் நம்பாமல் ரோட்டோரமே நின்றன. மூன்றாம் நாள் ஒவ்வொன்றாகப் பாலத்தடியில் இறங்கின.

அன்னத்தாய்க்குக் கொடுக்கவேண்டியது பாக்கி இருப்பதாகவே பீர் மைதீன் நினைத்தார். டீக்கடைக்காரர்களைக் கூட்டிவந்து, அவள் வயலின் ஓடைப்பக்கம் முழுவதும் முள்ளை வெட்டிப் போட்டு நெருக்கமாக வேலி கட்டினார். குனிய முடியாததால் மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். “உக்காந்த எடத்துலேர்ந்தே வேலை வாங்குதியளே!” என்று சொல்லிக்கொண்டே அன்னத்தாய் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் போகத்து நெல் சேதமில்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

இப்போது அவர் வலது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார். வண்டியும் மூன்று சக்கர வண்டியாகிவிட்டது. முன்னைவிடப் பைய ஓட்டுகிறார், அதனால் இன்னும் தாமதமாகப் போகிறார். சென்ற மாதம் காலையில் ஒரு போன் வந்தது.

“அண்ணாச்சி, பெட்டை குட்டி போட்டிருக்கு. பாலத்துக்கு அங்கன நிக்குது. கூட்டம் கூடுததுக்குள்ள வந்து பாத்துட்டுப் போங்க. மதினியையும் கூட்டிட்டு வாங்க.”

போனார்கள். மார்பில் தழும்போடு பெட்டைக் குதிரை நின்றது. அதன் வயிற்றை முட்டிக்கொண்டு, நிற்கத் தெரியாமல் நின்றது குட்டி. மூன்று பேரும் தூரத்திலேயே நின்று பார்த்தார்கள். கிட்டே போகப் பார்த்தவர்களை அன்னத்தாய் அதட்டி நிறுத்தினாள்.

அன்று மதியம் மேலப்பாளையம் பள்ளிவாசலில் தொழுது முடித்து, பீர் மைதீன் நாற்காலியில் அமர்ந்தபடி நெடுநேரம் கையேந்தி துஆ கேட்டார். பஸ் டிரைவருக்காகக் கேட்டார். பேர் தெரியாத அந்தப் பயணிகளுக்காகக் கேட்டார். அன்னத்தாய்க்காகக் கேட்டார். குட்டிக்காகவும் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். கேட்டார்.