இரண்டு ரிவோல்வர்களும் ஒரு பயந்தாங்கொள்ளியும்

ஒரு ரிவோல்வர் வாங்கிக்கொள்ளலாம் என்று ஜெர்மன் அரசாங்கம் எனக்குத் தந்த அனுமதி அந்த மாதக் கடைசியோடு காலாவதியாக இருந்தது. அனுமதியின் ஆயுள் ஒரு வருடம். அந்த வருடம் முழுவதையும் நான் ஒரே கேள்வியில் கழித்திருந்தேன்: அமெரிக்கனா, பிரெஞ்சுக்காரனா?

ஹம்பேர்க்கில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் நான் உறுப்பினன். பழைய டபிள் அக்ஷன் ரிவோல்வர் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். விசையை இழுத்தால் போதும். அந்த ஒரே இழுவை உருளையைச் சுழற்றும், சுத்தியலைத் தூக்கும், அதை விழுத்தி வெடிக்கவும் வைக்கும். ஆனால் இழுவை நீளம், பாரமும் கூட. பதற்றக்காரனுக்கு இது சரிவராது என்று கிளப்பில் எல்லாரும் சொன்னார்கள். அதனால்தான் எனக்கு அதில் ஆசை வந்தது.

நகரத்துக்கு வெளியே கடை வைத்திருக்கும் வியாபாரி ஒருவர் எனக்காக இரண்டை ஒதுக்கி வைத்திருந்தார். அமெரிக்கன் என் வயதுக்காரன். ஆழமான நீலத்தில் மினுங்கும் உருக்கு, தேய்ந்த மரப்பிடி. விசையை இழுத்தால் நெய்யில் கரண்டி இறங்குகிற மாதிரி இருக்கும். ஆனால் வயதானவர்களுக்குப் பல் ஆடுவதுபோல அதற்கு உருளை கொஞ்சம் ஆடும். பிரெஞ்சுக்காரன் புதியவன், பழைய பொலிஸ் வடிவத்தில் இப்போது செய்யப்பட்டவன். முகத்தில் ஒரு களை கிடையாது. எத்தனை ஆயிரம் சுட்டாலும் அசையான் என்று பெயர். எனக்குள் இருந்த சேகரிப்பாளன் அமெரிக்கனைக் கட்டிப்பிடித்தான். எனக்குள் இருந்த சுடுகிறவன் பிரெஞ்சுக்காரனைக் காட்டினான். இரண்டு பேரும் என் வயிற்றுக்குள் இருந்து அடிபட்டதில் எனக்கு வாயுத்தொல்லை வந்ததுதான் மிச்சம்.

இரண்டையும் எப்படியாவது வாங்கிவிட்டால் என்ன என்று மனைவியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"துவக்குப் பூட்டி வைக்க ஒரு அலுமாரி, அதுக்குள்ள ஒரு துவக்கு," என்றாள். "ரெண்டாவதுக்கு அலுமாரி எடுத்தால் நீங்கள்தான் அதுக்குள்ள போய்ப் படுக்கவேணும். துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த மனிசன் இஞ்ச காசு குடுத்து வாங்கிறார். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, சிரிப்பினம்."

அவள் சொன்னதில் பிழையில்லை. வெடிச்சத்தம் கேட்டால் நிலத்தில் விழுந்து படுப்பதற்குப் பழகிய உடம்பு இது. கிளப்பில் சேர்ந்த புதிதில் பக்கத்து மேசைக்காரர் பெரிய தோட்டா ஒன்றை வெடிக்க வைத்தபோது, நான் சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தேன். மாரடைப்பு என்று நினைத்து மூன்று ஜெர்மன்காரர்கள் என் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள். மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றேன். கண்ணாடி என் மூக்கிலேயே இருந்தது.

வியாபாரி சனிக்கிழமை வரைதான் தவணை தந்தார். வெள்ளிக்கிழமை, எங்கள் ஆட்கள் கடைசியில் எதைச் செய்வார்களோ அதைச் செய்தேன். கோயிலுக்குப் போனேன். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனித் தாளில் மடித்துப் பிள்ளையார் காலடியில் வைக்கச் சொல்லி ஐயரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்துத் தருவார். எடுத்ததுதான் சாமியின் முடிவு.

"என்ன விசயம் அண்ணை? வீடோ, கலியாணமோ?" என்றார் ஐயர்.

"துவக்கு, ஐயா. வெள்ளை அமெரிக்கன், சிவப்பு பிரெஞ்சுக்காரன்."

ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கார் வாங்கப் பூ வைச்சுக் குடுத்திருக்கிறன். விசா கந்தோர் Termin நாளுக்கும் வைச்சுக் குடுத்திருக்கிறன். துவக்குக்கு இதுதான் முதல் தரம். ஆரையும் சுடுற யோசினை இல்லைத்தானே?"

"கடதாசியைத்தான் ஐயா. அதிலயும் அனேகமாப் படுறேல்லை."

எடுத்துத் தந்தார். சிவப்பு. என் நெஞ்சு சுருங்கியது. ஐயோ, அந்த நீல உருக்கு! சாமி கவனிக்கவில்லைப் போல என்று சொல்லி இன்னொரு தரம் எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. நெஞ்சு அதே அளவுக்குச் சுருங்கியது. ஐயோ, அந்த ஆடும் உருளை! மூன்றாம் தரம் கேட்டபோது ஐயர் தட்டைத் தூக்கிக்கொண்டார்.

"பிள்ளையாரை வெருட்டி முடிவு வாங்க ஏலாது, அண்ணை. அவர் ரெண்டு தரமும் ஓம் எண்டிட்டார். மிச்சம் உங்கட மண்டைக்குள்ள இருக்கிறவரோட கதையுங்கோ."

சனிக்கிழமை மனைவியும் கூட வந்தாள், நான் இரண்டோடும் வீடு திரும்பிவிடாமல் காவல் இருக்க. வியாபாரி எங்களைக் கடையின் நிலக்கீழ்ச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். காதுமூடியைப் போட்டுக்கொண்டு முதலில் அமெரிக்கனால் சுட்டேன். துளைகள் எல்லாம் தாளின் அடிப்பக்கத்தில். பிரெஞ்சுக்காரனாலும் சுட்டேன். அங்கேயும் அடிப்பக்கம். வியாபாரி, ஏற்கெனவே வெடித்த வெற்றுக் கோதுகளையும் தோட்டாக்களையும் கலந்து உருளையில் போட்டு, எது எங்கே என்று சொல்லாமல் கையில் தந்தார். இழுத்தேன். வெற்றுக் கோது; 'டிக்' என்ற சத்தம் மட்டும். ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குனிந்து கும்பிட்டது. வெடிக்காத வெடிக்கு என் கை பயந்திருந்தது. மற்றதிலும் அதேதான். துவக்குகளில் குறையில்லை, விரலுக்குப் பின்னால் இருப்பவரைத்தான் மாற்றவேண்டும் என்று வியாபாரி மிக மரியாதையாகச் சொன்னார்.

"அதுக்கு எங்கயும் கடை இருக்கோ எண்டு கேளுங்கோ," என்றாள் மனைவி.

மேலே கடைக்கு வந்து இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு வந்த நரைத்தாடிக்காரர் ஒருவர் வியாபாரியிடம் கேட்டுவிட்டு அமெரிக்கனைக் கையில் எடுத்தார்.

"அது என்ரை!" என்று கத்தினேன். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்.

அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்தது. மன்னிப்புக் கேட்டு அதைக் கீழே வைத்தார். அப்படியானால் இதுவா என்று பிரெஞ்சுக்காரனை எடுத்தார்.

"அதுவும் என்ரை!"

ஒரு வருடமாக ஒன்றைத் தெரிவுசெய்ய முடியாத நான், அரை நிமிடத்தில் இரண்டைத் தெரிவுசெய்துவிட்டேன். வியாபாரி என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள், ஜெர்மனில்: எதற்கு உத்தரவாதம், Garantie, உண்டு? பிரெஞ்சுக்காரனுக்கு உண்டு, அமெரிக்கனுக்கு இல்லை.

"அப்ப அதை எடுங்கோ," என்றாள் என்னிடம். "உடுப்புத் தோய்க்கிற மெசினும் இப்பிடித்தானே எடுத்தனாங்கள்."

மனிதகுலம் கண்டுபிடித்த மிக அழகான சுழல் பொறிகள் இரண்டுக்கு இடையில் நான் பட்ட தத்துவப் போராட்டம் உடுப்பு மெசின் கணக்கில் தீர்ந்தது. அனுமதிக் கடதாசியை எடுத்து வியாபாரியின் மேசையில் வைத்தேன்.

நரைத்தாடிக்காரர் அமெரிக்கனை வாங்கினார். பிறகு எங்கள் கிளப்பிலேயே வந்து சேர்ந்தார். சனிக்கிழமைகளில் என் பக்கத்து மேசையில் நிற்கிறார். என் பிரெஞ்சுக்காரன் நல்லவன். இப்போது அவன் குழல் முன்னைப்போலக் குனிவதில்லை. துளைகள் தாளின் நடுப்பக்கம் ஏறத் தொடங்கியிருக்கின்றன. போன வாரம் மரியாதைக்காக அவரிடம் கேட்டேன், அந்த உருளை தொல்லை தருகிறதா என்று. ஒரு பழைய திருப்புளியைக்கொண்டு ஒரே நாளில் திருத்திவிட்டார்கள், இப்போது அசைவதே இல்லை என்றார், சந்தோசமாக.

அன்றைக்கு நான் சுட்டதில் ஒன்றுகூடத் தாளில் படவில்லை.